இரவல் பிள்ளை

ஜிந்தேர்
1 ஜூலை 2003

கீதன் கூக்கா பெண்கள் சங்கத் தலைவி தேலூ அம்மையாருக்கு,

ஸலாம். இதை மகனாக எழுதவில்லை, குழந்தை நலக் குழுவின் தொண்டனாக எழுதுகிறேன். உங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு நாங்கள் வருவதாக முடிவாகியிருக்கிறது. பெண்களைத் திரட்ட ஊரில் யாரைக் கேட்கலாம் என்று பேச்சு வந்தபோது உங்கள் பெயரைத்தான் எல்லாரும் சொன்னார்கள். நீங்கள் எனக்கு யார் என்று நான் வாய் திறக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி காலை வருவோம். ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் புளியமரத்தடிக்கு வர வேண்டும். எடை பார்ப்போம், சொட்டு மருந்து தருவோம், கையின் சுற்றளவை நிறப் பட்டையால் அளப்போம். பட்டையில் சிவப்பு விழுந்தால் அந்தப் பிள்ளைக்குச் சத்து மாவும் மருந்தும் உண்டு.

ஒரு விதி இருக்கிறது. பெற்றவள்தான் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். போன மாதம் ஓர் ஊரில் பெண்கள் பக்கத்து வீட்டு மெலிந்த பிள்ளையை இரவல் வாங்கிக் காட்டி மாவு வாங்கிப் போனார்கள். ஒரே பிள்ளை மூன்று பெண்களின் முதுகில் வந்தது. மூன்றாவது தடவை அது என்னைத் தெரிந்தவனைப் போலப் பார்த்துச் சிரித்தது.

இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கிறது. ஒருத்தியிடம் "உனக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்கிறாள். அவள் முகத்தையே உரித்து வைத்த ஒரு பிள்ளை குதிர் மறைவிலிருந்து எட்டிப் பார்க்கிறது. முதல் பிள்ளையாம். அதன் பெயரைப் பெற்றவள் சொல்லக் கூடாதாம், நாலு பேர் எதிரில் தூக்கக் கூடாதாம், என்னுடையது என்று ஒப்புக்கொண்டால் நாணம் போய்விடுமாம். பிள்ளை போனாலும் பரவாயில்லை போலிருக்கிறது. இந்தப் பெருமையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் அதில் கைதேர்ந்தவர்.

அத்தை இறந்த அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. அதைப் பேச வரவும் இல்லை. மரத்தடியைப் பெருக்கி வைத்தால் போதும்.

தாசியு
தொண்டர்


கீதன் கூக்கா
10 ஜூலை

தொண்டர் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சந்தை லாரிக்காரன் எண்ணெய்த் தகரத்துக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தான். பாதி எழுத்து ஊறிப் போயிருந்தது. மீதியைப் படித்ததிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆறாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள், நல்லதாகப் போயிற்று. இன்னும் கொஞ்சம் படித்திருந்தால் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

நீங்கள் சொன்ன தேதி கம்புக்குக் களையெடுக்கும் நேரம். பட்டணத்தில் கம்பு கடையில் விளைகிறது, அதனால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. இருந்தாலும் பெண்களை வரச் சொல்கிறேன். உங்களுக்கு முன்னால் வந்த கூட்டம் கொசுவலை கொண்டுவந்தது. கையில் கொடுத்துப் படம் பிடித்துவிட்டு, பாதி வலைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் படம் பிடிக்கப் போய்விட்டது. அதற்கு முன்னால் வந்தவர்கள் கை கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள், தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டார்கள். உங்கள் குழு எதை மறக்கும் என்று பார்க்க எங்களுக்கும் ஆவலாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். "இது உன் பிள்ளையா" என்று சின்னப் பெண்களை மரத்தடியில் வைத்துக் கேட்காதீர்கள். பிள்ளை யார் முதுகில் இருக்கிறதோ அவளைக் கேளுங்கள். எவளுடைய முதல் பிள்ளை எந்த வீட்டில் வளர்கிறது என்று இந்த ஊர் ஆடுகளுக்குக் கூடத் தெரியும்.

அத்தையின் சாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களை வளர்த்தவள் உள்ளே கிடந்தாள், முற்றம் முழுக்க ஊர் உட்கார்ந்திருந்தது. "ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லு, போயிடறேன்" என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். நான் எழுந்து போனது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கிறது. நீங்கள் கத்தியது நினைவில் இல்லை.

மரத்தடி பெருக்கியிருக்கும். வீட்டு வாசலில் ஃபுரா கரைத்து வைப்பேன், கம்பும் பாலும் நம் வீட்டுடையது. குடிப்பது தொண்டர் ஐயாவின் விருப்பம்.

தேலூ


ஜிந்தேர்
24 ஜூலை

தேலூ அம்மையாருக்கு,

முகாம் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் வந்ததற்கு நன்றி சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

இனி என் பங்குக்குச் சொல்கிறேன். ஊர்ப் பெண்களுக்குத் தலைவியாக இருப்பவரே முதுகில் ஒரு பிள்ளையைக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து நின்றீர்கள். "யார் பிள்ளை?" என்று கேட்டேன். "வீட்டுப் பிள்ளை" என்று தராசைப் பார்த்துப் பதில் சொன்னீர்கள். அப்பாவின் இளைய மனைவி பரீரா பக்கத்தில் நின்றாள். "உன்னுதா?" என்றேன். அவள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, "என்னுது இல்லீங்க" என்றாள். உங்களுக்கோ பிள்ளை பெறும் வயது தாண்டிவிட்டது. பின்னே அது யாருடையது? அதனால்தான் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்: "இரவல் பிள்ளைக்கு இங்க ஒண்ணும் கிடையாது. அடுத்தவங்க வாங்க." சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. தலைவியை விட்டுவிட்டு மற்றவர்களைப் பிடித்தால் என்னைத்தான் காறித் துப்புவார்கள்.

அப்பா மரத்தின் மறுபக்கம் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை. நான் போனதும் செருப்போடு பேசியிருப்பார்.

பரீராவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. வந்து மூன்று வருஷமாகியும் மடி நிறையவில்லை. பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அம்மா ஒருவரை இங்கே எனக்குத் தெரியும். அனுப்பினால் நான் பேசிப் பார்க்கிறேன்.

உங்கள் வாசல் வரை வந்தேன். மூடி போட்ட சுரைக்குடுக்கை மட்டும் இருந்தது, ஆளில்லை. ஆளில்லாத வீட்டில் நான் எதையும் குடிப்பதில்லை.

தாசியு


கீதன் கூக்கா
31 ஜூலை

படித்த முட்டாளே,

பரீராவுக்கு வைத்தியமா? நீ துரத்திவிட்ட பிள்ளைதானடா அவள் பெற்ற பிள்ளை. பெயர் லாமினு. உனக்குத் தம்பி. உன் அப்பாவின் மூக்கை அப்படியே கொண்டு பிறந்திருக்கிறான். நீ அவன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் விதியைப் பார்த்தாய்.

அது அவளுக்கு முதல் பிள்ளை. கணவன் எதிரில், மூத்தாளான என் எதிரில், கணவனுடைய மூத்த மகன் எதிரில், ஊரே கூடிய இடத்தில் "ஆமா, என்னுது" என்று அவள் சொல்லுவாள் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் உனக்குக் கற்றுக் கொடுத்தார்கள்? பால் கொடுக்கும்போதே சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுக்கிறவள் அவள். கொடுத்து முடித்ததும் என்னிடம் தந்துவிடுவாள். இளையாளின் முதல் பிள்ளையை மூத்தாள் வளர்ப்பாள். நீ பிறந்த வீட்டு வழக்கத்தை நான் உனக்குக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. கேட்காதே என்று முன்கூட்டியே எழுதினேன், அதையும் எண்ணெய் தின்றுவிட்டதா?

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவளை நான் பெரிதாக மதித்ததில்லை. கம்பு இடிக்கச் சொன்னால் உலக்கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள். அன்று என்னிடம் கேட்டாள்: "அக்கா, நான் இல்லேன்னு சொன்னது அவன் காதுல விழுந்திருக்குமா?" அடுப்பைப் பார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

லாமினுவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. அவன் கையை என் இரண்டு விரலால் சுற்றிப் பிடித்தால் விரல் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. இதற்கு உன் நிறப் பட்டை வேண்டியதில்லை.

அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அத்தனை பேர் முன்னால் நீ என்னைத் திருடி என்று சொன்ன பிறகு உன்னிடம் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. பரீராவைக் காட்டிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. இப்போது பிள்ளை கிடக்கும் கிடையைப் பார்த்தால் கெஞ்சியிருக்கலாம் என்று இருக்கிறது.

என்ன செய்வதென்று எழுது. மரத்தடிப் பிரசங்கம் வேண்டாம்.

தேலூ


ஜிந்தேர்
2 ஆகஸ்ட்

அம்மா,

லாரி கிளம்பப் போகிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். இதே லாரி திரும்பும்போது லாமினுவைக் கொண்டு வா. ஆட்டுச் சந்தைக்குப் பின்னால் எங்கள் குழுவின் ஊட்டச்சத்து விடுதி இருக்கிறது. உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களை லாரிக்காரனிடம் கொடுத்திருக்கிறேன். பொட்டலத்தின் மேல் படம் போட்டிருக்கிறபடி சுத்தமான தண்ணீரில் கலக்கி, வழியெல்லாம் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே வா. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பரீரா கட்டாயம் வர வேண்டும். அங்கே பெற்றவள்தான் தன் கையால் ஊட்ட வேண்டும், சுவரைப் பார்த்து ஊட்டினாலும் சரி.

நான் இன்றே குழுவோடு தானூத் பக்கம் போகிறேன், மாதக் கடைசியில்தான் வருவேன். விடுதி வாசலில் கூட்டம் நெரிகிறது. காவல்காரன் இன்னூசாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தாசியு அனுப்பிய ஆள் என்று சொன்னால் உடனே உள்ளே விடுவான். அவனுக்கு எழுத்துத் தெரியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். தேலூ என்றொருத்தி வருவாள் என்று உன் பெயரை அவனிடம் சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லாதவளின் பெயரை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். அப்பாவைக் கூட்டி வா, அவர் சொல்லட்டும். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அன்று விதிக்காக நான் உன்னைத் துரத்தவில்லை. நீ வரிசையில் நின்றபடியே உடம்பை மெதுவாக அசைத்து அவனைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாய். என்னை நீ ஒருநாளும் தூக்கியதில்லை. தான் பெற்றதைத் தொடாதவள் எவள் பிள்ளையையோ ஊர் பார்க்கச் சுமக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது யார் பிள்ளை என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவே இல்லை. அவன் கை என் கண்ணில் படவில்லை.

தாசியு


ஜிந்தேர், ஊட்டச்சத்து விடுதி
12 ஆகஸ்ட்

ஊர் சுற்றப் போனவனுக்கு,

இதைக் காவல்காரனிடம் கொடுத்து வைக்கிறேன், நீ வரும்போது தருவான்.

உன் அப்பா லாரி வரை வந்தார். மேகத்தைப் பார்த்தார், கம்பைப் பற்றிக் கவலைப்பட்டார், திரும்பிப் போய்விட்டார். அவரை நம்பி நீ ஒரு ஏற்பாடு செய்தாயே, அதை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். சிரிக்கும் நிலையில் நான் இல்லை என்பது வேறு.

வாசலில் உன் கடிதத்தைக் காட்டினேன். காவல்காரன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அனுப்பியது யார் என்று பரீராவைக் கேட்டான். அவளுக்கு உன் பெயரே தெரியாது, எங்கள் வீட்டில் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அப்புறம் எப்படியோ உள்ளே விட்டான். அது உனக்குத் தேவையில்லாத கதை.

உன் விடுதியின் லட்சணத்தைச் சொல்கிறேன். சுவரெல்லாம் கொழுத்த பிள்ளைகளின் படம். கீழே பாயில் எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள். மேலே பார்த்தால் கோபம் வருகிறது, கீழே பார்த்தால் அழுகை வருகிறது, அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நர்ஸுக்கு உன் வயதுதான் இருக்கும், ஆனால் என்னை அதட்டும் அதட்டலைப் பார்த்தால் அவள்தான் என்னைப் பெற்றவள் போலிருக்கிறது. "ஏம்மா, நீ எதுக்குத் தூக்குற? பெத்தவகிட்ட குடு" என்று லாமினுவை என் மடியிலிருந்து பிடுங்கிப் பரீராவின் மடியில் போட்டாள்.

முதல் நாள் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊட்டினாள். பால் அவன் காதில் போயிற்று. நர்ஸ் கத்தினாள். இரண்டாம் நாள் நான் எழுந்து, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். தண்ணீர் குடம் நிறைய இருந்தது. கதவு மறைவிலிருந்து பார்த்தேன். நான் போன பிறகு அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு துளி கூடக் கீழே சிந்தவில்லை. அன்றிலிருந்து எனக்கு இங்கே தண்ணீர் பிடிப்பதே வேலை.

வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. நேற்று லாமினு என் மூக்கைப் பிடித்து இழுத்தான். பிழைத்துவிடுவான் என்று நர்ஸ் சொல்கிறாள். அவள் சொல்லாவிட்டாலும் எனக்கு மூக்கு வலிக்கிறது.

தேலூ


ஜிந்தேர்
1 செப்டம்பர்

அம்மா,

நேற்றுதான் திரும்பினேன். நீங்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டீர்கள். இன்னூசா உன் கடிதத்தைக் கொடுத்தான். நீ எழுதாமல் விட்ட கதையையும் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வந்துச்சுப்பா ஒரு பெரியம்மா, வாயா அது? கடுதாசிய மூஞ்சிக்கு நேரா நீட்டி, படின்னுச்சு. எனக்கு எழுத்து தெரியாதும்மா, அனுப்புனது யாருன்னு சொல்லுன்னேன். ஒல்லியா இருப்பான், காது பெருசு, நீலச் சட்டைன்னுச்சு. இங்க எல்லாப் பயலும் ஒல்லிதான், எல்லாம் நீலச் சட்டைதான், போய் வரிசையில நில்லுன்னேன். நின்னுச்சு. வெயிலு. கொஞ்ச நேரத்துல முதுகுல இருந்த பிள்ளையோட தலை தொங்கிப் போச்சு. அந்தச் சின்னப் பொண்ணு அலறுது. பெரியம்மா திரும்ப எங்கிட்ட வந்துச்சு. முக்காட்ட இழுத்து முகம் பூரா மூடிக்கிச்சு. சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு உன் பேரச் சொல்லிச்சு. காதுல விழலம்மான்னேன். மறுபடியும் சொல்லிச்சு. சரி, உள்ள போன்னு கதவத் தொறந்துட்டேன். அதுக்கப்புறமும் நிறுத்தல. தாழ்வாரம் பூரா சொல்லிக்கிட்டே போச்சு. எதுக்கு இந்தம்மா இப்படி உம் பேர ஏலம் போடுதுன்னு எல்லாரும் பாத்தாங்க."

உன் பெயரை நான் அவனிடம் சொல்லி வைத்திருந்தால் நீ வெயிலில் நின்றிருக்க வேண்டாம். லாமினு அங்கேயே போயிருந்தால் அவனைக் கொன்றது நான்தான். அந்தக் கதவு அவ்வளவு நேரம் மூடியிருந்தது என்னால்தான். இதை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

தானூத் பக்கம் ஒவ்வொரு ஊரிலும் பிள்ளை யார் முதுகில் இருக்கிறதோ அவளையே கேட்டேன். குழுவில் சண்டை போட்டார்கள், ஏமாற்றுவார்கள் என்றார்கள். ஏமாற்றட்டும் என்று சொன்னேன். என்னை வேலையை விட்டு எடுத்தாலும் எடுப்பார்கள்.

ஒன்று கேட்கிறேன். காவல்காரன் கேட்டுவிட்டான், தாழ்வாரத்தில் இருந்தவர்கள் கேட்டுவிட்டார்கள், நான் மட்டும் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் ஒரு தடவை எழுது.

தாசியு


கீதன் கூக்கா
11 செப்டம்பர்

பெரிய காதுக்காரனுக்கு,

அந்தக் காவல்காரனுக்குக் காதும் சரியில்லை, வாயும் சரியில்லை. அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நீ கண்ணைக் கசக்குகிறாய். தாழ்வாரத்தில் நான் இருமிக்கொண்டு போனேன் என்று வைத்துக்கொள்.

எழுதச் சொல்கிறாய். எழுத மாட்டேன். பிள்ளை சாகக் கிடந்தது, வேண்டியிருந்தது, எடுத்தேன். நீ பிறந்த நாளிலிருந்து ஒருவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்ததை ஒரு காவல்காரனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஊருக்கு வந்து இரண்டு நாள் என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. தினமும் எடுத்துப் புழங்க அது உலக்கை இல்லை.

உன்னை நான் ஒருநாளும் தூக்கியதில்லை என்று எழுதியிருந்தாய். பகலில் தூக்கியதில்லை. உன் அத்தைக்குத் தெரியும், அவள் சொல்லாமல் போய்விட்டாள். நானும் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

லாமினு நடக்கிறான். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், ஆடு ஓடினால் விழுகிறான். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பரீரா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பு மட்டும் இன்னும் ஒழுங்காக இடிப்பதில்லை.

உன்னை வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும். அந்த நீலச் சட்டை உனக்கு நன்றாகவே இல்லை.

இந்த மாதக் கடைசியில் அறுப்பு. வருவதானால் வா, வரும்போது பிரசங்கத்தை லாரியிலேயே விட்டுவிடு. வாசலில் ஃபுரா மூடி வைத்திருக்கும். ஆளில்லை என்று போன தடவை திரும்பிப் போனாயே, பெரிய கெட்டிக்காரன். வாசல் தட்டிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். நீ செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நீ போன பிறகு அந்த ஃபுராவை ஆட்டுக்கு ஊற்ற மனம் வராமல் நானே குடித்தேன், புளித்துப் போயிருந்தது.

இந்தத் தடவை உட்கார்ந்து முழுக்கக் குடி. நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ மட்டும் தட்டிப் பக்கம் திரும்பாதே.

தேலூ